தூரம்தான் போர்வை: தாம்பரம் வரிசையிலிருந்து ஓ.டி.பி வரைக்கும்

இந்த எபிசோட் டெலிமெடிசின் பற்றி. அதாவது டாக்டரை நேரில் போய்ப் பார்க்காமல், போனிலோ வீடியோவிலோ பார்க்கிறது. ஆனா பொதுவான டெலிமெடிசின் கதை இல்ல. எச்.ஐ.வி.யோடு இருபது வருஷத்துக்கு மேல வாழ்ந்துட்டு, இப்போ ஐம்பது, அறுபது வயசைத் தாண்டிக்கிட்டு இருக்கிற நம்ம ஊர் ஆட்களுக்கு அந்த போன் என்ன செய்யுது, என்ன செய்ய மாட்டேங்குது என்கிற கதை.

பகலில் நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். லாகின் ஸ்கிரீன்தான் என் பிழைப்பு. போன் நம்பர் போடுங்க, ஓ.டி.பி போடுங்க, உள்ளே வாங்க. இந்த மூன்று படிக்குள்ள ஒரு அனுமானம் ஒளிஞ்சிருக்கு: ஒரு நம்பர்னா ஒரு ஆள். உணவு ஆர்டர் பண்ற ஆப்புக்கு அந்த அனுமானம் தப்பானாலும் பெரிசா ஒண்ணும் ஆகாது, பிரியாணி தம்பி நம்பருக்குப் போகும். எச்.ஐ.வி மருத்துவத்தில் அப்படி விட்டுட முடியாது.

டெலிமெடிசின்னு யார் மேடை ஏறினாலும் ஒரு வசனம் வரும்: "தூரத்தை ஒழிக்கிறோம்." கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா வரலாற்றைப் பார்த்தா, எச்.ஐ.வி உள்ளவர்களுக்குத் தமிழ்நாட்டில் தூரம் வெறும் கஷ்டம் மட்டும் இல்ல. அது ஒரு போர்வையாகவும் இருந்திருக்கு. அந்தப் போர்வையை உருவினால், பதிலுக்கு எதைப் போர்த்துறோம்? இதுதான் இன்றைக்கு என் கேள்வி.

ஐஸ் பெட்டி

1985 கடைசி. சென்னை மருத்துவக் கல்லூரியில் மைக்ரோபயாலஜி படித்துக்கொண்டிருந்த 32 வயது செல்லப்பன் நிர்மலாவிடம், அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன் ஓர் ஆய்வுத் தலைப்பு கொடுக்கிறார்: இந்தியாவில் எச்.ஐ.வி இருக்கிறதா என்று தேடிப் பார். அன்றைக்குப் பல பேர் அதை வெளிநாட்டு நோய் என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். நிர்மலா, அரசு காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் இரத்த மாதிரி எடுத்தார். மூன்று மாதத்தில் 80க்கு மேல். கையுறை கிடையாது, பாதுகாப்புச் சாதனம் எதுவும் கிடையாது. பிரித்தெடுத்த சீரத்தை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்.

சென்னையில் எச்.ஐ.வி பரிசோதனை செய்கிற வசதி இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவர் கணவரும் மாதிரிகளை ஓர் ஐஸ் பெட்டியில் போட்டு, காட்பாடிக்கு இரவு ரயில் ஏறினார்கள். அங்கிருந்து ஆட்டோ. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. மறுபடி மாதிரி எடுத்து, அமெரிக்காவுக்கும் அனுப்பி உறுதி செய்தபின், அதே ஆண்டு மே மாதம் சட்டமன்றத்தில் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே அறிவித்தார்.

இந்தக் கதையை எல்லாரும் கண்டுபிடிப்புக் கதையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் வேறொன்றுதான் கண்ணில் படுது. இந்தியாவில் முதன்முதலில் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த பரிசோதனையே தூரத்திலிருந்து நடந்தது. இரத்தம் ரயிலில் போனது, அந்தப் பெண்கள் போகவில்லை. முடிவு வந்த பிறகும் அவர்களுக்கு நல்லது நடக்கலை. எச்.ஐ.வி இருப்பதாகத் தெரிந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்திலேயே அடைத்து வைத்தார்கள். பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் நீதிமன்றம் போனார், 1990இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடச் சொன்னது. தன் பெயர் ஒரு லிஸ்டில் ஏறினா என்ன ஆகும் என்று நம்ம ஊரில் எச்.ஐ.வி உள்ளவர்கள் கற்றுக்கொண்ட முதல் பாடம் அது. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

சானடோரியம்

மின்சார ரயிலில் போறவங்களுக்குத் தெரியும், தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். அந்தப் பெயர் அங்கே இருக்கிற மருத்துவமனையால் வந்தது. 1928இல் டாக்டர் சவுரி முத்து டி.பி. நோயாளிகளுக்காகத் தொடங்கியது. பிறகு அரசு எடுத்துக்கொண்டது. 1990களில், மற்ற மருத்துவமனைகள் எச்.ஐ.வி என்றாலே கதவைச் சாத்திய காலத்தில், இது கதவைத் திறந்து வைத்தது. அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் டாக்டர் செ.நெ. தெய்வநாயகம். மேல்நாட்டு மருந்து எட்டாத விலையில் இருந்ததால், ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்துகளையும் அங்கே கொடுத்தார்கள். அது எவ்வளவு பலன் தந்தது என்கிற விவாதம் தனி எபிசோட் அளவுக்கு நீளம். ஆனா வந்தவர்களைப் படுக்கையில் சேர்த்தார்கள், தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு அதுவே பெரிய விஷயம்.

மாநிலத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் வந்தார்கள். வேறு இடம் இல்லை என்பது முதல் காரணம். இன்னொரு காரணமும் உண்டு: அங்கே போனால் சொந்த ஊர்க்காரன் கண்ணில் படமாட்டோம். பட்டாலும் "நெஞ்சுச் சளி, டி.பி. சந்தேகம்"னு சொல்லித் தப்பிக்கலாம். பத்து மணி நேர பஸ் பயணம் உடம்பை முறிக்கும். ஆனா மானத்தைக் காப்பாத்தும். பக்கத்து ஊரிலேயே மருந்து கிடைக்க ஆரம்பித்த பிறகும் சிலர் வேண்டுமென்றே தூரத்து மையத்துக்குப் போனதை இந்தக் கோணத்தில் பார்த்தால்தான் புரியும்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 2001இல் சிப்லா நிறுவனம் மூன்று மருந்து கொண்ட கூட்டு சிகிச்சையை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்ற விலைக்குத் தர முன்வந்தது. அதுவரை பணக்கார நாடுகளில் அதற்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2004 ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு எட்டு அரசு மருத்துவமனைகளில் ஏ.ஆர்.டி எனப்படும் கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. தாம்பரம் அந்த எட்டில் ஒன்று. சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே விழுந்தவர்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்கள், அதாவது ஏற்கெனவே மரண வாசலில் நின்றவர்களுக்கு. மாதா மாதம் நேரில் வரணும், எடை பார்க்கணும், மாத்திரையை எண்ணிக் காட்டணும், கவுன்சலரோடு பேசணும், அடுத்த மாத டப்பாவை வாங்கிட்டுப் போகணும். பலர் வழியிலேயே டப்பாவின் லேபிளைக் கிழித்துவிடுவார்கள். மாத்திரையை வேறு டப்பாவில் கொட்டிக்கொள்பவர்களும் உண்டு.

சிஸ்டம் டிசைன் படிச்சவங்களுக்கு ஒரு சின்ன ரசனை: இந்த முழு அமைப்பும் உடம்பு நேரில் வந்து நிற்கணும் என்ற ஒரே விதியின் மேல் கட்டப்பட்டது. கஷ்டமான விதிதான். ஆனா அந்த விதிதான் ரகசியத்தையும் காத்தது. நீங்கள் வந்தீர்கள், வாங்கினீர்கள், போய்விட்டீர்கள். வீட்டில் எந்த மணியும் அடிக்கவில்லை.

49க்கு மேல்

அந்த 2004 வரிசையில் நின்றவர்களில் பலர் சாகவில்லை. இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும். அன்றைக்கு முப்பத்தைந்து, நாற்பது வயதில் மாத்திரை தொடங்கியவர்கள் இன்றைக்கு அறுபதை நெருங்குகிறார்கள். 1998இல் பெ. கௌசல்யாவும் தோழிகளும் சென்னையில் எச்.ஐ.வி உள்ள பெண்களுக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்தவர்களில் பலர் கணவர் மூலம் தொற்று வந்து, சின்ன வயதிலேயே கணவரை இழந்த பெண்கள். அவர்களின் தலைமுறைக்கு இப்போ ஐம்பது வயசு.

இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர். ஆனா நாம் செய்திகளில் பார்க்கிற அந்த "இத்தனை சதவீதம்" என்ற எண் இருக்கே, அது 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களைத்தான் கணக்கில் எடுக்கும். உலகம் முழுக்க அப்படித்தான். நோய் இளவயதில் தொற்றி இளவயதிலேயே கொன்ற காலத்து அளவுகோல் அது. 50ஆவது பிறந்தநாளில் ஒருவர் அந்தச் சதவீதத்திலிருந்து வெளியேறிவிடுவார். மாத்திரை மட்டும் தொடரும்.

போன் விஷயத்திலும் இதே கோளாறு. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தானே பயன்படுத்துகிற மொபைல் போன் இருக்கிறதா என்று பெண்களிடம் கேட்டது. 54 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அந்தக் கேள்வியும் 49 வயதோடு நின்றது. அதாவது நான் இன்றைக்குப் பேசுகிற ஆள், எச்.ஐ.வி உள்ள 58 வயதுப் பெண், இரண்டு கணக்குக்கும் வெளியே நிற்கிறார்.

இத்தனைக்கும் இப்போ அவருக்குத்தான் டாக்டர் அதிகம் தேவை. வைரஸ் அடங்கியிருக்கும். ஆனா சர்க்கரை, பி.பி, சிறுநீரகம், எலும்புத் தேய்மானம் வந்திருக்கும். ஆரம்பக் காலத்தில் கொடுத்த ஸ்டாவுடின் மாத்திரையால் கன்னம் ஒட்டிப்போனது, கால் மரத்துப்போனது என்ற தழும்புகளும் சிலருக்கு உண்டு. இப்போது கொடுக்கும் டோலுடெக்ராவிர் ரொம்ப நல்ல மருந்து. ஆனா அது சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கு மெட்ஃபார்மின் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வார்கள். கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளை வெறும் வயிற்றில் அதோடு சேர்த்துப் போட்டால் டோலுடெக்ராவிர் உடம்பில் சரியாக ஏறாது. (யாரும் இதைக் கேட்டுட்டு மாத்திரையை மாத்தாதீங்க, டாக்டரைக் கேளுங்க.)

ஆக, சர்க்கரை டாக்டருக்கு எச்.ஐ.வி மருந்து தெரியணும். ஆனா சர்க்கரை டாக்டர் இருப்பது உள்ளூரில், அவர் கம்பவுண்டர் பக்கத்துத் தெரு. அங்கே போய் ஏ.ஆர்.டி சாப்பிடுறேன்னு எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டால் மருந்தின் அளவு தப்பாகும்.

இந்தச் சிக்கலைத் தீர்க்க டெலிமெடிசின் அருமையான கருவி. ஒரு டாக்டரும் இன்னொரு டாக்டரும் பேசிக்கொள்கிற வடிவத்தில். 2003இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் எக்கோ என்ற முறையைத் தொடங்கினார். கிராமத்து நோயாளி ஹெபடைட்டிஸ் சி சிகிச்சைக்கு நகரத்துக்கு வர வேண்டாம், கிராமத்து டாக்டரே வாராவாரம் வீடியோவில் நிபுணர்களோடு உட்கார்ந்து நோயாளிகளைப் பற்றி விவாதித்துக் கற்றுக்கொள்ளட்டும் என்பது யோசனை. பல்கலைக்கழக மருத்துவமனைக்கு இணையான பலன் கிடைத்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்தியாவிலும் ஏ.ஆர்.டி மருத்துவர்களுக்கு இந்த வழியில் வகுப்புகள் நடக்கின்றன. எனக்கு இந்த முறை பிடிக்கக் காரணம், இங்கே கேமரா முன் உட்காருவது டாக்டர்கள். நோயாளி கையில் ஓ.டி.பி கிடையாது.

பெயர் கேட்காத நம்பர்

1097. 2014 டிசம்பர் 1, உலக எய்ட்ஸ் தினத்தன்று தேசிய அளவில் தொடங்கப்பட்ட இலவச உதவி எண். கூப்பிடலாம், சந்தேகம் கேட்கலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. பட்டன் போன் போதும்.

இப்போ 2020க்கு வாங்க. மார்ச் 25, நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கிய அதே நாளில் டெலிமெடிசின் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியாகின. டாக்டர்கள் போனிலும் வீடியோவிலும் வைத்தியம் பார்ப்பது சட்டப்படி சரியா தப்பா என்று அதுவரை இருந்த குழப்பத்தை அது தீர்த்தது. நல்ல ஆவணம், பொறுமையாகப் படித்தேன். அதில் ஒரு விதி: டெலிமெடிசின் ஆலோசனை பெயர் தெரியாமல் நடக்கக் கூடாது. நோயாளிக்கு டாக்டர் யாரென்று தெரியணும், டாக்டருக்கு நோயாளி யாரென்று தெரியணும். பெயர், வயது, முகவரி, போன் நம்பர்.

மருத்துவ நியாயம் புரியுது. ஆள் யாரென்று தெரியாமல் மருந்து எழுத முடியாது. எச்.ஐ.வி உள்ளவரின் ஒப்புதல் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது என்று 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி சட்டமும் சொல்லுது. ஆனா சட்டம் டாக்டரையும் நிறுவனத்தையும்தான் கட்டுப்படுத்தும். மருமகள் கையில் இருக்கிற போனை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தும்?

அதே ஏப்ரலில் இசஞ்சீவனி ஓ.பி.டி. வந்தது. அரசுத் தளம், இலவசம், தொடக்கத்தில் அதிகம் பயன்படுத்தியதே தமிழ்நாடுதான். மொபைல் நம்பர், ஓ.டி.பி, பதிவு, டோக்கன் எண், குறுஞ்செய்தி, பிறகு வரிசை, பிறகு வீடியோ. இப்போ நாமக்கல் பக்கம் ஒரு கிராமத்தில் அந்த 58 வயது அம்மாவைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஸ்மார்ட் போன் மகனுடையது. ஓ.டி.பி அவனுக்கு வரும். டோக்கன் மெசேஜ் அவனுக்கு வரும். மருந்துச் சீட்டு அவன் போனில் தங்கும். வீட்டில் இருப்பது இரண்டு அறை, டாக்டர் ஸ்பீக்கரில் கேட்பார்: "ஏ.ஆர்.டி ஒழுங்கா சாப்பிடுறீங்களாம்மா?"

கூடத்தில் பேரன் உட்கார்ந்திருக்கிறான்.

இத்தனைக்கும் அவருக்கு வேண்டிய மாத்திரை அந்த வீடியோவின் முடிவில் வராது. அது ஏ.ஆர்.டி மையத்தில்தான் கிடைக்கும். வைரல் லோட் பார்க்க இரத்தம் எடுக்கணும், அதற்கும் போகத்தான் வேணும். ஆக, பஸ் பயணமும் மிச்சமாகலை, ரகசியமும் மிச்சமாகலை.

ஊரடங்கில் இவர்களுக்கு உண்மையில் கைகொடுத்தது என்ன என்று பார்த்தால், தொழில்நுட்பமே இல்லாத விஷயங்கள். ஒரு மாத மாத்திரைக்குப் பதில் பல மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்தார்கள். எச்.ஐ.வி உள்ளவர்களின் அமைப்பைச் சேர்ந்தவர்களே மாத்திரையைக் கொண்டுபோய், வீட்டு வாசல் வரை போகாமல் சொன்ன இடத்தில் கைமாற்றினார்கள். என்னைக் கேட்டால், 2021 மே மாதம் வந்த மகளிர் கட்டணமில்லா டவுன் பஸ்ஸையும் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். சும்மா சொல்லலை, எங்கே போறேன்னு யாரிடமும் காசு கேட்டு நிற்காமல் ஒரு பெண் பஸ் ஏறினாள் என்பது மருத்துவ வசதியும்தான்.

சரி, அப்போ வீடியோ வேண்டாமா? வேணும். அமெரிக்காவில் எச்.ஐ.வி உள்ளவர்களில் பாதிக்கு மேல் 50 வயதைத் தாண்டியவர்கள். 2020இல் அங்கே மூத்தோருக்கான மெடிகேர் காப்பீடு, வீடியோ இல்லாத வெறும் போன் பேச்சுக்கும் டாக்டருக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. கேமரா இல்லாத பெரியவர் அதனால் வெளியே தள்ளப்படவில்லை.

நம்ம ஊரிலேயே இன்னும் நல்ல மாதிரி இருக்கு. அரவிந்த் கண் மருத்துவமனை 2000களின் நடுவில் தேனிப் பகுதியில் சின்னச் சின்னக் கண் பரிசோதனை மையங்கள் தொடங்கியது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து எரிக் பிரூவர் குழு, சாதாரண வைஃபை கருவிகளையே திசை ஆண்டெனாவோடு மாற்றியமைத்து நெடுந்தூர இணைப்பு போட்டுக் கொடுத்தது. (அந்த வேலையைப் பற்றித் தனி எபிசோட் வரும், ரேடியோ லிங்க் பைத்தியங்கள் காத்திருக்கவும்.) நோயாளி தன் வீட்டு போனோடு மல்லுக்கட்டவில்லை. பக்கத்து ஊரில் ஓர் அறைக்குப் போகிறார், பயிற்சி பெற்ற பெண் ஊழியர் கருவியில் கண்ணைப் பார்க்கிறார், டாக்டர் திரையில் வருகிறார். போனும் ஓ.டி.பி.யும் மருத்துவமனையின் தலைவலி.

ஆனா கண்புரைக்கு யாரும் வெட்கப்பட மாட்டாங்க. எச்.ஐ.வி.க்கு அதே அறை வேணும்னா பலகை மாறணும். "ஏ.ஆர்.டி" என்று பெரிய எழுத்தில் போட்ட கதவு வேண்டாம். அரசு மருத்துவமனையில் சர்க்கரை, பி.பி.க்கு மாத்திரை வாங்க வருகிற கூட்டத்தோடு போய், அதே நடைபாதையில் ஒரு சாதாரண அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு தூரத்து நிபுணரோடு பேசணும். எந்த ஊர் அறை என்பதை அவரே தேர்ந்தெடுக்கணும். பக்கத்து ஊரே போதும் என்பவர் அங்கே போகட்டும், நாலு ஊர் தாண்டிப் போகணும் என்பவரைத் தடுக்கிற மாதிரி மென்பொருள் எழுதக் கூடாது. முகவரியை வைத்துத் தானாகப் பக்கத்து மையத்தை ஒதுக்குவது எங்களுக்கு ரெண்டு வரி வேலை. அந்த ரெண்டு வரியை எழுதாமல் இருக்கணும்.

லாகினும் அப்படித்தான். மையத்தில் ஏற்கெனவே அவருக்கு ஒரு பதிவு எண் இருக்கு. அதையும், அவர் மட்டும் அறிந்த ஒரு சொல்லையும் வைத்து அந்த அறையிலேயே அடையாளம் காட்டலாம். வீட்டு போனுக்கு எந்த மெசேஜும் போகக் கூடாது, அவர் கேட்டாலொழிய. போகணும்னு கேட்டாலும் அதில் மருந்தின் பெயரோ மையத்தின் பெயரோ இருக்கக் கூடாது. இதெல்லாம் ஒரு ஸ்பிரிண்டில் முடிகிற வேலை. ஆனா தேவைப் பட்டியல் எழுதுற மீட்டிங்கில் 58 வயது அம்மா உட்கார்ந்திருக்கணும். 1990இல் ஒரு லிஸ்டில் பெயர் ஏறினால் என்ன ஆகும் என்று பார்த்த தலைமுறை அவர்களுடையது. "டேட்டா பத்திரமா இருக்கும்மா" என்று முப்பது வயசுக்குள் இருக்கிற நாங்கள் சொன்னால், அதை நம்ப அவர்களுக்கு இன்னும் காரணம் கிடைக்கலை.

இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது, வீட்டில் யாருக்காவது சந்தேகம் கேட்கணும்னா, அந்த எண் 1097. எந்த போனிலிருந்தும் இலவசம். பேசி முடிச்சதும் கால் லிஸ்டிலிருந்து அழிச்சிடுங்க.